டிராவல் டிரெய்லருக்குக் கட்டை போடுவது: வாங்குவது முதல் எடுப்பது வரை முழு வழிகாட்டி

காரை நிறுத்தினால் கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிவிடலாம். வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடான டிராவல் டிரெய்லரில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. சக்கரத்துக்குள் மின்சார பிரேக் இருக்கும். ஆனால் அதற்கான மின்சாரம், டிரெய்லரை இழுக்கும் வண்டியிலிருந்துதான் வருகிறது. பிளக்கைப் பிடுங்கிய நொடியிலிருந்து அது தடையில்லாமல் உருளும் வெறும் சக்கரம். அதன் மேல் இரண்டு, மூன்று டன் எடை உட்கார்ந்திருக்கிறது.

ஓடும்போது டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாக பிரேக் பிடிக்க ஒரு பிரேக்அவே ஸ்விட்ச் உண்டு. நிறுத்தியதும் அதை இழுத்துவிட்டு, 'பிரேக் போட்டாச்சு' என்று போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது டிரெய்லரிலேயே உள்ள பேட்டரி இருக்கும்வரைதான் பிடிக்கும். மணிக்கணக்கில் இழுத்துவைத்தால் பேட்டரி காலியாகும், பிரேக்கின் காந்தச் சுருள் சூடேறிக் கெடவும் கூடும். பிறகு சத்தமில்லாமல் பிடி விட்டுவிடும். மூலைகளில் இறக்கும் ஸ்டெபிலைசர் ஜாக்குகளும் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. உள்ளே நடக்கும்போது ஆட்டம் குறைவதற்காக வைத்த மெல்லிய கால்கள் அவை. வண்டி உருண்டால் முதலில் மடங்குவது அவைதான்.

ஆக, டிரெய்லர் நின்ற இடத்தில் நிற்பதற்கு உள்ள ஒரே உருப்படியான ஏற்பாடு, டயரை ஒட்டித் தரையில் வைக்கும் ஆப்பு வடிவச் சக்கரக் கட்டை. கடையில் 'வீல் சாக்' என்று கேட்டால் கிடைக்கும். நான் கட்டை என்றே சொல்கிறேன்.

கட்டை எப்படிப் பிடிக்கிறது

இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். கையில் தூக்கும் ஒரு ரப்பர் துண்டு, 2,500 கிலோ வண்டியைத் தன் பலத்தால் நிறுத்துவதில்லை. சக்கரம் கட்டையின் சரிவில் கொஞ்சம் ஏறிச் சாய்கிறது. அப்போது வண்டியின் எடையில் ஒரு பங்கு கட்டையின் மேல் இறங்கி அதைத் தரையோடு அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் பிடிப்பு. தள்ளுவதும் வண்டிதான், கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்வதும் அதே வண்டிதான்.

கட்டைக்கும் டயருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டால் கதை மாறிவிடும். சக்கரம் அந்த நாலு விரலுக்குள் வேகம் எடுத்து வந்து இடிக்கும். எடை மேலே ஏறுவதற்கு முன்பே கட்டையை முன்னே தள்ளிவிடும். எனக்கு இது புரிந்தது ஒரு சரளைத் தரையில். உள்ளே வெற்றிடமாக இருக்கும் மலிவான பிளாஸ்டிக் கட்டைகளைக் காலாலேயே தள்ளி, டயருக்குக் கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் வைத்தேன். டிரெய்லரின் முன்முனையைத் தூக்கும் முன் ஜாக்கைச் சுற்றினேன். 'டக்' என்று டிரெய்லர் முனையில் உள்ள கப்ளர் என்ற கொக்கி, இழுக்கும் வண்டியின் பின்னால் உள்ள ஹிட்ச் குண்டைவிட்டு எழும்பியது. அடுத்த நொடி டிரெய்லர் ஒரு சாண் பின்னால் போய் நின்றது. கட்டை தன் முன்னால் சரளைக் கற்களை ஒரு சிறு மேடாகக் குவித்துக்கொண்டு போயிருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கல் கிழித்த கோடுகள். இரண்டு வண்டியையும் இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலியை அதுவரை நான் கழற்றாமல் இருந்தது புத்திசாலித்தனம் இல்லை, வெறும் சோம்பல்.

எவ்வளவு பலம் தள்ளுகிறது என்பதை மனக்கணக்காகவே போடலாம். 100 அடிக்கு 2 அடி இறங்கும் சரிவை நாம் சமதரை என்றுதான் சொல்வோம். அதில் 2,500 கிலோ டிரெய்லர் 50 கிலோ விசையோடு கீழ்நோக்கி இழுக்கும். 100 அடிக்கு 5 அடி என்றால் 125 கிலோ. 10 அடி என்றால் ஏறத்தாழ 250 கிலோ. இதில் காற்றின் தள்ளுதலையும், உள்ளே ஆட்கள் நடப்பதால் வரும் குலுக்கலையும் சேர்க்கவில்லை.

எந்தக் கட்டை வாங்குவது

கெட்டியான ரப்பர். ஒரே வார்த்தையில் கேட்டால் என் பதில் அதுதான். கனமாக இருக்கும், அழுக்காகும், புதிதாக வாங்கும்போது வாடை அடிக்கும். ஆனால் தார், கான்கிரீட் இரண்டிலும் நன்றாகப் பிடிக்கும். வெயிலில் எளிதில் வெடிக்காது, குளிரில் எளிதில் நொறுங்காது.

வெற்றிட பிளாஸ்டிக் கட்டை எடை குறைவு, விலையும் குறைவு. வழவழப்பான கான்கிரீட்டில் வழுக்கும். வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்தால் வெளுத்து, ஒரு நாள் ஓரத்தில் விரிசல் விடும். பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் அடியில் ரப்பர் பட்டை ஒட்டியதாகப் பாருங்கள். அலுமினியமும் இரும்பும் நொறுங்காது. சரளை, மண் தரையில் பல் உள்ள உலோகக் கட்டை நன்றாகக் கடித்துப் பிடிக்கும். அதையே வழவழப்பான தரையில் வைத்தால் சறுக்குக்கட்டை மாதிரி ஆகிவிடும்.

மரக்கட்டை மோசமில்லை. தடித்த சதுரச் சட்டத்தை 45 பாகையில் சாய்த்து வெட்டினால் ஒரு கட்டை தயார். சிக்கல் இரண்டு. இழையோட்டம் பார்க்காமல் வெட்டினால் கூர்முனை பிளந்துவிடும். நனைந்தால் வழுக்கும். அடிப்பக்கம் பழைய டயரிலிருந்து ஒரு பட்டை வெட்டி, ஆணித்தலை வெளியே நீட்டாதபடி உள்ளே இறக்கி அடித்துவிட்டால் இரண்டாவது சிக்கல் பாதி தீரும். செங்கல், கருங்கல் வேண்டாம். செங்கல் எடை ஏறியதும் பொடியாகும். கல்லுக்குத் தரையோடும் டயரோடும் ஒழுங்கான தொடுகை கிடைக்காது.

அடுத்து அளவு. டயரின் மொத்த உயரத்தில் கால் பங்கு கட்டையின் உயரம் இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் டயர் உயரத்தை டேப் வைத்து அளக்கலாம், இல்லையென்றால் டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண்ணிலிருந்தே எடுக்கலாம். 205/75 ஆர்15 என்றால் பக்கவாட்டுச் சுவர் 205-இல் 75 விழுக்காடு, அதாவது 154 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு மடங்கு 308. நடுவில் 15 அங்குல ரிம் 381. மொத்த உயரம் ஏறத்தாழ 69 செ.மீ. கால் பங்கு என்றால் 17 செ.மீ. கடையில் கிடைக்கும் பல கட்டைகள் இதைவிடக் குட்டை. வாங்கப் போகும்போது இந்த எண்ணைக் கையோடு கொண்டுபோனால் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற அட்டைப்பெட்டி வாசகத்துக்கு ஏமாறாமல் வரலாம்.

சரிவின் வடிவத்தையும் பாருங்கள். டயரைத் தொடும் முகம் ரொம்பச் செங்குத்தாக இருந்தால் சக்கரம் அதன் மேல் சாயாது. கட்டையைத் தரையோடு முன்னேதான் தள்ளும். ரொம்பப் படுத்திருந்தால் சக்கரம் ஏறித் தாண்டிவிடும். அதனால்தான் நல்ல கட்டையின் முகம் உள்வளைந்திருக்கும். கீழே சக்கரம் ஏறி அமர்வதற்கேற்ற மென்சரிவு, மேலே தாண்டவிடாத செங்குத்து. அகலம் குறைந்தது டயரின் தரைபடும் அகலத்தில் முக்கால் பங்காவது இருக்கட்டும். கயிறு கோக்க ஒரு வளையம் இருந்தால் நல்லது. ஏன் என்பது எடுக்கும்போது தெரியும்.

எடைத் தாங்கும் அளவைப் பார்க்கும்போது காலி வண்டியின் எடையோடு ஒப்பிடாதீர்கள். டிரெய்லரின் தகட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் என்றால் அது நிரம்பியதும் 150 கிலோ கூடுகிறது.

எத்தனை வேண்டும்? நான்கு. ஒற்றை அச்சு வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும். ஒரே பக்கம் மட்டும் கட்டை போட்டால், கட்டை இல்லாத பக்கம் உருளப் பார்க்கும். வண்டி பிடிபட்ட சக்கரத்தைச் சுற்றித் திரும்பும். இரட்டை அச்சில் முன் சக்கரத்துக்கு முன்னாலும் பின் சக்கரத்துக்குப் பின்னாலுமாக இரு பக்கமும் நான்கு. நல்ல சரிவில் இறக்கப் பக்கம் மட்டும் இன்னும் இரண்டு சேர்ப்பேன்.

இரண்டு டயருக்கு நடுவே போடும் எக்ஸ் கட்டை

இரட்டை அச்சு வண்டிகளில் இரு டயர்களுக்கு நடுவே வைத்துத் திருகி விரிக்கும் ஒரு கருவி உண்டு. எக்ஸ் சாக் என்பார்கள். இரு டயரையும் எதிரெதிர் திசையில் அழுத்திப் பிடிப்பதால் உள்ளே நடக்கும்போது வரும் முன்பின் ஆட்டம் கணிசமாகக் குறையும். அந்தச் சுகத்துக்காக வாங்கலாம். ஆப்பு வடிவக் கட்டைக்குப் பதிலாக வாங்கக் கூடாது.

காரணம் காற்று. ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். ஆறும்போது உள்ளே அழுத்தம் இறங்கும். 5, 6 பாகை செல்சியஸ் குறைந்தால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். சூட்டோடு சூடாகத் திருகி இறுக்கிய எக்ஸ் கட்டையை மறுநாள் காலை தொட்டால் கையோடு ஆடும். மாலையில் போட்டதை இரவு படுக்கும் முன் ஒரு தடவையும், விடிந்ததும் ஒரு தடவையும் இறுக்கிப் பாருங்கள். அதற்காக முக்கி முக்கித் திருகவும் வேண்டாம். அளவுக்கு மேல் விரித்தால் ஸ்பிரிங்கை இணைக்கும் பாகங்களுக்கு வீண் பாரம். வெயில் ஏறி டயர் உப்பும்போது அது கழற்ற வராமல் சிக்கிக்கொள்ளும்.

நிறுத்தும்போது: வரிசை மாறாமல்

1. இடத்தைப் பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள். சுற்றிலும் மேடு பள்ளம் இருந்தால் இறக்கம் எந்தப் பக்கம் என்று கண் தப்பாகச் சொல்லும். தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்கவைத்து எந்தப் பக்கம் உருள்கிறது என்று பார்த்தால் போதும். கைவிட்டதும் பாட்டில் ஓட்டம் பிடிக்கும் இடம் என்றால் வேறு இடம் தேடுவதுதான் நல்லது. அங்கே வண்டியைக் கழற்ற நான் துணியமாட்டேன்.

2. பக்கவாட்டுச் சமன் முதலில். இடது, வலது சமன் செய்ய சக்கரத்தின் அடியில் பலகையோ ஏற்றுக்கட்டையோ வைத்து அதன் மேல் ஓட்டி ஏற்ற வேண்டியிருக்கும். சக்கரம் உருளும் வேலை என்பதால் இதைத் தடுப்புக்கட்டை போடும் முன்பே முடித்துவிட வேண்டும். குறுக்கே ஒரு ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சக்கரம் 5 செ.மீ. பலகை மேல் ஏறி நிற்கிறது, தடுப்புக்கட்டை தரையில் இருக்கிறது என்றால், அந்தக் கட்டை 5 செ.மீ. குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். 17 செ.மீ. வாங்கி 12 செ.மீ.யாகப் பயன்படுத்துகிறீர்கள். பலகையை நீளமாக எடுத்து, கட்டையையும் அதே பலகை மேல் வையுங்கள். வளைந்த ஏற்றுக்கட்டையோடு வரும் சிறு ஆப்பு, அந்த ஏற்றுக்கட்டையை நிலைநிறுத்தத்தான். அதை நம்பி மறுபக்கச் சக்கரத்தைச் சும்மா விடக் கூடாது.

3. இழுக்கும் வண்டியின் கியரை 'பார்க்' நிலையில் போட்டுக் கை பிரேக்கை இழுங்கள். ஹிட்ச் இன்னும் மாட்டியே இருக்கட்டும். எதையும் கழற்றும் முன்புதான் கட்டை. மற்ற படிகளில் ஒன்றிரண்டு முன்பின் ஆனாலும் சமாளிக்கலாம், இதில் முடியாது.

4. கட்டை வையுங்கள். டயரின் நடுவில், நேராக. கோணலாக வைத்தால் ஒரு முனை மட்டும் தொடும், எடை ஏறியதும் கட்டை திரும்பிக்கொள்ளும். இறக்கப் பக்கக் கட்டைகளை முதலில் வையுங்கள். காலால் நெம்பித் தள்ளாமல் குனிந்து கையால் வைத்து, பிறகு பின்பக்கத்தை ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் நன்றாக உட்காரும். வைக்கும்போது விரல்கள் கட்டையின் பின்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். டயருக்கும் கட்டைக்கும் நடுவே ஒருபோதும் கூடாது.

5. எடையைக் கட்டை மேல் உட்கார வையுங்கள். நான் சரளையில் செய்யாமல் விட்ட படி இதுதான். ஓட்டுநர் காலை பிரேக்கில் வைத்தபடி கை பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மெதுவாகத் தளர்த்த வேண்டும். டிரெய்லர் ஒரு விரல்கடை நகர்ந்து கட்டை மேல் சாய்ந்து நிற்கும். ரப்பர் லேசாக நசுங்குவது கண்ணுக்கே தெரியும். உடனே மறுபடி பார்க், கை பிரேக். இப்போது எதிர்ப்பக்கக் கட்டைகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அவற்றை மறுபடி ஒட்டித் தள்ளுங்கள். இந்த நேரத்தில் இறக்கப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் கண்டிப்பாகக் கூடாது. ஓரளவு சமமான தரையில் வண்டி தானாக நகரவில்லை என்றால் வற்புறுத்தி நகர்த்த வேண்டியதில்லை.

6. கப்ளரின் பூட்டைத் திறந்து, முன் ஜாக்கைச் சுற்றிக் குண்டுக்கு மேலே தூக்குங்கள். பாதுகாப்புச் சங்கிலி, பிரேக்அவே ஸ்விட்சின் கம்பி, மின் பிளக் எதிலும் கை வைக்காதீர்கள். குண்டைவிட்டு எழும்பியதும் நிறுத்தி, அரை நிமிஷம் சக்கரத்தைப் பாருங்கள். நகர்வதாக இருந்தால் பெரும்பாலும் இப்போதே காட்டிக்கொடுத்துவிடும். நகர்ந்தால் சங்கிலி பிடித்துக்கொள்ளும், கீழே இறக்கி மாட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். அசைவே இல்லை என்றால் பிளக், பிரேக்அவே கம்பி, கடைசியாகச் சங்கிலி.

கப்ளர் குண்டை விடாமல் இறுகிப் பிடித்திருந்தால் ஜாக்கை மேலும் மேலும் சுற்றாதீர்கள். இழுக்கும் வண்டியின் பின்பக்கமே எழும்பி, பிறகு 'தடால்' என்று விடும். அந்த உதறல் கட்டையை இடம் பெயர்க்கப் போதும். ஜாக்கைக் கொஞ்சம் இறக்கி, இழுக்கும் வண்டியை ஒரு விரல்கடை முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

7. இழுக்கும் வண்டியை முன்னே எடுத்த பிறகு முன்பின் சமன் செய்யுங்கள். ஜாக்கில் சக்கரம் இருந்தால் கழற்றிவிட்டுத் தட்டையான பாதத்தை மாட்டுங்கள். உருளும் மூக்கோடு வண்டியை நிற்க வைப்பதில் அர்த்தமே இல்லை. மூக்கை ஏற்றி இறக்கும்போது டிரெய்லர் அச்சை மையமாக வைத்துச் சாய்கிறது. ஆகவே சக்கரம் சிறிதளவு உருளவே செய்யும். முடித்ததும் நான்கு கட்டைகளையும் திரும்ப ஒரு சுற்று தட்டிப் பாருங்கள்.

8. ஸ்டெபிலைசர் ஜாக்குகள், எக்ஸ் கட்டை எல்லாம் கடைசியில்.

தரைக்குத் தகுந்தபடி

சரளையில் மேலே கிடக்கும் உதிரிக் கல்லைக் காலால் ஒதுக்கிக் கெட்டித் தரை தெரிந்த பிறகு கட்டையை வையுங்கள். ஈரப் புல்லில் பல் உள்ள கட்டை. சேற்றிலும் மணலிலும் கட்டை அழுந்திப் புதையும், உயரம் குறைந்துகொண்டே போகும். சக்கரத்துக்கும் கட்டைக்கும் சேர்த்து ஒரே நீளப் பலகை போடுவதுதான் வழி. மழை பெய்து ஓய்ந்த பிறகு மறக்காமல் போய்ப் பாருங்கள், நேற்றுக் கெட்டியாக இருந்த மண் இன்று களியாகியிருக்கும். பனிக்கட்டி மேல் எந்தக் கட்டையும் பிடிக்காது. தரை தெரியும்வரை சுரண்டிவிட்டு வைக்க வேண்டும். வழவழப்பான கான்கிரீட்டில் தூசி படிந்திருந்தால் துடைத்துவிட்டு ரப்பர் கட்டை.

கை பிரேக் உள்ள கேரவன்கள்

ஐரோப்பிய வகைக் கேரவன்களில் கை பிரேக் இருக்கும். அதற்காகக் கட்டை வேண்டாம் என்று இல்லை. பின்னோக்கி ஓட்டும்போது பிரேக் பிடிக்காமல் இருக்க அதில் ஒரு தானியங்கி ஏற்பாடு உண்டு. அதனால் பின்பக்கம் சரிவாக இருந்தால், கை பிரேக் போட்டிருந்தும் வண்டி கொஞ்ச தூரம் பின்னால் போய்த்தான் பிடிக்கும். கைப்பிடியைப் பாதியில் விடாமல் கடைசிவரை மேலே இழுத்துவிட்டு, அந்தக் கொஞ்ச தூரத்துக்கு இடம் கொடுக்காமல் கட்டையைப் போட்டுவிடுங்கள்.

மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது என்றால் நேர்மாறு. சமதரையில் நான்கு கட்டைகளையும் போட்டுவிட்டுக் கை பிரேக்கை விடுவித்து வைக்க வேண்டும். இழுத்தபடியே கிடந்தால் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், கிளம்பும் நாளில் சக்கரம் சுற்றாது.

கிளம்பும்போது

போட்டதற்கு நேர் எதிர் வரிசை. ஸ்டெபிலைசரையும் எக்ஸ் கட்டையையும் எடுத்து, கப்ளரைக் குண்டின் மேல் இறக்கி, பூட்டிப் பின்னைச் சொருகி, சங்கிலி, பிளக், பிரேக்அவே கம்பி எல்லாம் மாட்டி, இழுக்கும் வண்டிக்குக் கை பிரேக் போட்ட பிறகுதான் சக்கரக் கட்டையைத் தொட வேண்டும். 'கொஞ்சம் தள்ளிப் பொருத்தணும்' என்று ஹிட்ச் மாட்டும் முன்பே கட்டையை எடுக்கும் அவசரம் பலருக்கு உண்டு. பொருந்தவில்லை என்றால் நகர வேண்டியது இழுக்கும் வண்டி, டிரெய்லர் இல்லை.

இறக்கப் பக்கக் கட்டை எடையில் மாட்டி வராமல் இருக்கும். உதைக்காதீர்கள், கடப்பாரை போட்டு நெம்பாதீர்கள். இழுக்கும் வண்டியை ஒரு விரல்கடை எதிர்ப்பக்கம் நகர்த்தி, மறுபடி பிரேக் போட்டு, பக்கவாட்டில் நின்று கயிற்றைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். வளையம் உள்ளதாக வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

ஒரே பக்கக் கட்டைகள் இரண்டையும் பளிச்சென்ற நிறக் கயிற்றால் இணைத்துவைத்தால் ஒன்றை எடுத்து மற்றதை மறப்பது நடக்காது. நான் நான்கிலும் வெள்ளைப் பெயின்டால் 1 முதல் 4 வரை எழுதி வைத்திருக்கிறேன். பெட்டியில் நான்கு எண்ணும் தெரிந்தால்தான் சாவியைத் திருப்புவேன். ஒருமுறை 3 இல்லாமல் தேடி, அது சக்கரத்தின் நிழலில் கறுப்போடு கறுப்பாகக் கிடந்ததிலிருந்து வந்த பழக்கம்.

வழியில் டயர் பஞ்சரானால்

டிரெய்லரை இழுக்கும் வண்டியிலிருந்து கழற்றாதீர்கள். எந்தப் பக்கச் சக்கரத்தைத் தூக்கப் போகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. தூக்கிய பக்கம் தரையை விட்டு எழுந்ததும் வண்டியைப் பிடித்து நிறுத்துவது அந்த மறுபக்கம்தான். சக்கர நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு முழு பலத்தோடு ஸ்பேனரை உலுக்கினால் வண்டி ஜாக்கை விட்டு நழுவ இடமுண்டு. மாற்றிய டயரை இறக்கி, நட்டுகளை முழுவதும் முறுக்கிய பிறகு கட்டையை எடுங்கள்.